மூன்று நாள் கருத்தரங்கு யாருக்கு வசதி?

கேள்வி: ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஜெபக்கூட்டம் நடத்தும் சகோதரர்களுக்கு, எங்கள் சபை வெள்ளி முதல் ஞாயிறு வரை வேதாகமப் பயிற்சி நடத்துகிறது. முதல் தடவை மண்டபம் நிறைந்தது. இப்போது பாதிப் பேர்கூட வருவதில்லை. வருகிறவர்களில் சிலருக்கு வாசிப்பே தடுமாற்றம். நான்கு இளைஞர்களைத் தெரிவுசெய்து ஒரு வருடம் கொழும்பில் வைத்துப் படிப்பித்தால் என்ன?
– சபை மூப்பர் ஒருவர், கொழும்பு 6

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

ஆர்வம் குறைந்துவிட்டது என்று அவர்கள்மேல் பழிபோடுவதற்கு முன் உங்கள் நேரசூசியைப் பாருங்கள். வெள்ளியும் சனியும் மலைக்கு, அதாவது தேயிலைக் காட்டுக்கு, வேலைக்குப் போகும் நாட்கள். உங்கள் வகுப்பில் உட்கார்ந்தால் அன்றைக்குப் பேர் கிடையாது, அதாவது நாள் சம்பளம் விழாது. ஞாயிறு கைக்காசுக்கு, எடுத்த கிலோவுக்குக் காசு என்று, கொழுந்தெடுக்கப் போகலாம் என்றால் அதுவும் போச்சு. கொழுந்தின் நிறை குறைந்தாலே அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற இடத்தில் மூன்று நாள் என்பது ஒரு வீட்டின் அரிசிக் கணக்கு. நாமோ சாப்பாட்டுப் பார்சலும் பஸ் காசும் கொடுத்துவிட்டு, முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

கொழும்புக்குக் கூட்டிவரும் யோசனையை விட்டுவிடுங்கள். குவாத்தமாலாவில் பிரஸ்பிற்றேரியன் சபையார் இதில் நன்றாகவே பட்டிருக்கிறார்கள். நகரத்தில் படித்தவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. ஊர்ச் சபைகளை உண்மையில் நடத்தியவர்களுக்கோ குடும்பத்தையும் வேலையையும் விட்டுக் கல்லூரிக்கு வர வழியில்லை. 1963இல் ஆசிரியர்களே அவர்களைத் தேடிப் போகத் தொடங்கினார்கள். அதே வருடம்தான் இங்கே பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி தொடங்கியது. முழுநேரப் போதகராகப் போகிறவருக்கு அப்படியொரு கல்லூரி வேண்டும்தான். நீங்கள் கேட்பது பகலில் மலையில் நின்றுவிட்டு இரவில் ஜெபம் நடத்துகிறவரைப் பற்றி. இருபது வயதுப் பையன் கொழும்பில் ஒரு வருடம் இருந்தால் அப்புறம் இங்கேயே வேலை தேடுவான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் சகோதரிகளையே காணோம். கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். லயத்தில், அந்த வரிசை வீடுகளில், நாலு வீட்டைக் கூப்பிட்டு ஜெபத்துக்கு உட்காரவைக்கிறவர் யார் என்று ஒருதரம் விசாரியுங்கள்.

வாசிப்புத் தடுமாற்றம் நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிய தடை இல்லை. மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான். ஒரு தடவைக்கு ஒரு சம்பவம் போதும். வாசிக்கத் தெரிந்தவர் இரண்டு முறை சத்தமாக வாசிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, தடுமாறுகிறவரைத் தன் வாயால் சொல்லச் சொல்லுங்கள். விட்டுப்போனதை மற்றவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டாம் அதிகாரத்தில் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்குகிறார்களே, அதைச் சொன்னால் ஒருவராவது "அப்புறம் அந்தக் கூரையை யார் போட்டுக் கொடுத்தது?" என்று கேட்பார். லயத்துத் தகரம் ஒழுகி, தோட்டத்து ஒபீசுக்கு நடையாய் நடந்தவர் கேட்கிற கேள்வி அது. வெள்ளவத்தையில் யாருக்கும் தோன்றாது. சிரித்துவிட்டுத் தாண்டிப் போகாமல் அதிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள். பிரசங்கம் அங்கிருந்துதான் வரும். அந்த வாரமே அவர் தன் ஜெபக்கூட்டத்தில் அதைச் சொல்ல வேண்டும். அடுத்த வகுப்பு, அங்கே என்ன நடந்தது என்பதில் தொடங்கட்டும். புரொஜெக்டர் கொழும்பிலேயே இருக்கட்டும்.

யார் போவது? மாதாமாதம் நீங்களே பஸ் ஏறுவது நீடிக்காது. நான்கு பேரின் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்க நினைத்த பணத்தில், ஹட்டனிலேயே இருக்கும் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து இரண்டு மணி நேரம், ஒரு வாரம் ஒரு தோட்டம் என்று அவர் சுற்றி வரட்டும். நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் கூட இருந்து கேட்டால் போதும். கமிட்டியில் இதை வைக்கும்போது கணக்கைக் கையோடு கொண்டு போங்கள். சான்றிதழ் கொடுக்கிற படம் இல்லாமல் வருட அறிக்கையில் எதைப் போடுவது என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அதற்கும் ஒரு பதிலோடு போங்கள்.