‘மீடியாஸ்’ என்று எழுதலாமா?

கே: டீச்சர், ‘சோஷியல் மீடியா இஸ்’ சரியா, ‘ஆர்’ சரியா? இரண்டில் எதை எழுதினாலும் சிவப்புக் கோடு விழுகிறது. (மாணவி, செந்தூல்)

ப: ‘மீடியா’ லத்தீனிலிருந்து வந்த பன்மைச் சொல். ஒருமை ‘மீடியம்’. வானொலி ஒரு மீடியம், பத்திரிகை இன்னொன்று, சேர்ந்தால் மீடியா. ஊடகங்களைத் தனித்தனியாக எண்ணிப் பேசினால் ‘ஆர்’ போடுங்கள். எல்லாம் சேர்ந்த ஒரே பொருளாக நினைத்தால் ‘இஸ்’ போடுவதை இன்றைய அகராதிகள் ஏற்கின்றன. சோஷியல் மீடியாவுக்கு அதுதான் இயல்பாக வரும். ஆனாலும் பழைய முறையை விடாத விரிவுரையாளர்கள் உண்டு. உங்கள் துறையில் எது வழக்கம் என்று கேட்டுக்கொண்டு, கட்டுரை முழுக்க அதையே எழுதுங்கள்.

‘மீடியாஸ்’ மட்டும் வேண்டாம். போன வாரம் நான் திருத்திய தாளில் முதல் பத்தியிலேயே மூன்று ‘மீடியாஸ்’. எழுதிய பையன் கெட்டிக்காரன். ‘ஊடகங்கள்’ என்று தமிழில் நினைத்து, அந்தக் ‘கள்’ விகுதிக்கு ஓர் ‘எஸ்’ தேடியிருக்கிறான். ‘செய்திகள்’ ‘நியூஸஸ்’ ஆவதும் இப்படித்தான். நியூஸ் எப்போதும் ஒருமை: ‘தி நியூஸ் இஸ் குட்.’

கே: கம்யூனிகேஷனா, கம்யூனிகேஷன்ஸா? (கெப்போங்)

ப: படிக்கும் பாடம் ‘மாஸ் கம்யூனிகேஷன்’, எஸ் கிடையாது. தொலைபேசி, இணையம், ஒலிபரப்பு என்று வசதிகளைச் சொன்னால் எஸ் வரும். நம் மலேசியாவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ‘கம்யூனிகேஷன்ஸ் அண்ட் மல்டிமீடியா ஆக்ட்’. சட்டப் பெயரில் நாம் கைவைக்கக் கூடாது.

கே: ‘ஐ ஹியர்ட் இட் இன் தி ரேடியோ’ என்று எழுதினேன். தவறாம். ஏன்? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

ப: தமிழில் பத்திரிகையில், வானொலியில், டிவியில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘இல்’. மலாயிலும் ஒரே ‘டி’ போதும். ஆங்கிலம் பிரித்துப் பார்க்கிறது: பத்திரிகைக்கு ‘இன்’, வானொலி, டிவி, இணையத்துக்கு ‘ஆன்’. மின்னல் எஃப்எம்மில் கேட்டது ‘ஆன் மின்னல் எஃப்எம்’.

கே: மின்னஞ்சல் முடிவில் ‘ப்ளீஸ் ரிவர்ட்’ போடலாமா? ‘டிஸ்கஸ் அபவுட்’? (செராஸ்)

ப: கோலாலம்பூர் அலுவலகத்துக்குள் ‘ரிவர்ட்’ என்றால் ‘பதில் எழுதுங்கள்’ என்று எல்லாருக்கும் புரியும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதன் வழக்கமான பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது. வெளிநாட்டு ஆசிரியருக்கு எழுதினால் ‘ரிப்ளை’ போடுங்கள்.

‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குள்ளேயே ‘பற்றி’ இருக்கிறது. ‘வீ டிஸ்கஸ்டு தி ஆர்டிகல்’ என்று நிறுத்திவிடுங்கள். பெயர்ச்சொல்லாக வரும்போது ‘எ டிஸ்கஷன் அபவுட் தி ஆர்டிகல்’ என்று தாராளமாக எழுதலாம்.