மிச்ச நேரத்தில் கதை எழுத முடியுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் குடியிருக்கிறோம். கணவர், தரம் 5 படிக்கும் மகள், மாமி, நான் என்று நாலு பேர், இரண்டு அறை. கோட்டையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடக் காலத்தில் கதை எழுதிப் பரிசெல்லாம் வாங்கினேன். இப்போது ஏழு கதைகளின் தொடக்கம் கொப்பியில் கிடக்கிறது, ஒன்றுகூட முடியவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் சமையல் காஸ் வரிசையில் கழிந்த ஒரு இரவைப் பற்றியது அதில் ஒன்று. எல்லாரும் படுத்த பிறகு இரவு பத்து மணிக்கு எழுத உட்காருவேன். ‘ஒரே ஒரு நிமிசம்’ என்று போனை எடுப்பேன்; நிமிர்ந்து பார்த்தால் பதினொன்றரை. கணவருக்கு ஞாயிறு பின்னேரம் கிரிக்கெட் இருக்கிறது. எனக்கென்று எதுவும் இல்லை. நான் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது, சொல்லவும் வெட்கம். போனைத் தூக்கி எறிந்தால் சரியாகுமா? இல்லை, எனக்கு எழுத்தே வராதா?

— வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

எழுத்து வராதவருக்கு ஏழு கதைகளின் தொடக்கம் வராது. அந்தப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். போனை எறியவும் வேண்டாம். மகளின் வகுப்பு வட்ஸ்அப் குழுவில்தான் வீட்டுவேலை வருகிறது. அவசரம் என்றால் வீட்டிலிருந்து மாமி எடுப்பதும் அதற்குத்தான். இன்றைக்கு எறிந்தால் திங்கட்கிழமை இன்னொன்று வாங்க வேண்டிவரும்.

எழுதுவதற்கென்று நீங்கள் ஒதுக்கிய நேரத்தைப் பாருங்கள். ஒரு நாளில் அதைவிட மோசமான நேரம் இல்லை. விடிய முன்னம் எழும்பிச் சமைத்து, மகளின் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டி, நெரிசலில் கோட்டைக்குப் போய், நாள் முழுக்க மற்றவர்களின் காசை ஒரு ரூபாய் பிசகாமல் எண்ணி, பின்னேரம் வந்து புலமைப்பரிசில் வினாத்தாளோடு பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, இரவுச் சமையல், பாத்திரம், மாமியின் மருந்து எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் பத்து மணி. அப்போது உடம்பு ஓய்வைக் கேட்கிறது. கைக்கு எட்டிய ஓய்வு போன். அதை எடுத்ததற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளத் தேவையில்லை.

அதோடு, நம்முடைய ஆட்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. கொழும்பில் இரவு பத்து மணி என்றால் லண்டனில் பின்னேரம் நாலரை அல்லது ஐந்தரை. ரொறன்ரோவில் மத்தியானம். அங்கே ஒரு அண்ணனோ சித்தியோ இல்லாத குடும்பம் வெள்ளவத்தையில் எத்தனை இருக்கும்? குடும்பக் குழுக்கள் கலகலப்பாகும் நேரமே அதுதான். பிறந்தநாள் படங்கள், கோயில் தேர் வீடியோ, யாருடையவோ கலியாணப் பேச்சு. அதற்கு நடுவில் நீங்கள் ஒரு சிறுகதையைப் பிடித்து வைத்திருக்கப் பார்க்கிறீர்கள். இனிமேல் பத்து மணிக்கு எழுத உட்காராதீர்கள். சித்தியோடு கதையுங்கள், வீடியோ பாருங்கள், நித்திரை கொள்ளுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

கவனத்தைப் பற்றி இரண்டு விசயம் தெரிந்திருந்தால் நல்லது. சோபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதியது ஒன்று. ஒரு வேலையை முடிக்காமல் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனால், மனதில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். புதிய வேலை அந்த அளவுக்குப் பழுதாகும். 2018இல் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து அதற்கு ஒரு வழியும் காட்டினார். எந்த இடத்தில் நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன் என்று எழுதிவைத்துவிட்டு எழும்பினால் அந்த ஒட்டுதல் குறைகிறது. வங்கியில் கதிரையை விட்டு எழும்ப முன்னம் நாளைக்கு உரியதை இரண்டு வரி எழுதிவிடுங்கள். வீட்டுக்குக் கொஞ்சம் இலேசான தலையோடு வரலாம்.

மற்றது 2017இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த சோதனை. போனைச் சத்தமில்லாமல் மேசையில் கவிழ்த்து வைத்திருந்தவர்களைவிட, அடுத்த அறையில் விட்டுவிட்டு வந்தவர்கள் மூளைக்கு வேலை தரும் பயிற்சிகளை நன்றாகச் செய்தார்கள். பின்னால் அதேபோலச் செய்து பார்த்த எல்லாருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் போனைத் தூரத்தில் விடுவதற்கு ஒரு சதமும் செலவில்லை, அதனால் செய்து பார்க்கலாம்.

சரி, இனி வெட்கத்துக்கு வருவோம். எனக்கு உங்கள் கடிதத்தில் இதுதான் பெரிதாகப் பட்டது.

வீட்டுக்குத் தெரியாத வேலைக்கு வீடு எப்படி நேரம் தரும்? நீங்கள் கொப்பியோடு இருக்கும்போது மாமி, “பிள்ளை, அந்தக் குளிசையை ஒருக்கா எடுத்துத் தாறியா?” என்று கேட்டால் அவரில் ஒரு பிழையும் இல்லை. அவர் கண்ணுக்கு நீங்கள் சும்மா இருக்கிறீர்கள். உங்கள் கணவரின் கிரிக்கெட்டைப் பாருங்கள். ஞாயிறு பின்னேரம் அவர் வீட்டில் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஒரு கலியாண வீடு வந்தால்கூட முதலில் அவரிடம்தான் கேட்பார்கள். அவர் இலங்கை அணிக்கு ஆடப் போவதில்லை, யாரும் அதை அவரிடம் எதிர்பார்ப்பதும் இல்லை. விளையாட விருப்பம், விளையாடுகிறார். வீட்டுக்கு அந்தக் காரணம் போதும். உங்களுக்கு மட்டும் முதலில் ஒரு கதை அச்சில் வந்து அத்தாட்சி காட்ட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? நீங்களேதான் சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

நம்முடைய பெண்கள் கோயிலுக்கு நேரம் கேட்பார்கள், பிள்ளையின் ரியூசனுக்குக் கேட்பார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கும் சொந்தக்காரருக்காகக் கேட்பார்கள். தனக்கு என்று கேட்க மட்டும் வாய் வராது. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இதை எத்தனையோ விதமாகப் படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் நோகிறது.

டொமினிக் ஜீவாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்துகொண்டே சிறுகதைகள் எழுதினார். 1966இல் மல்லிகை இதழைத் தொடங்கினார். அதன் அலுவல்களும் பல காலம் அங்கிருந்துதான் நடந்தன. ஆட்கள் வந்துபோகிற இடம், கத்தரிக்கோல் சத்தம், அரசியல் வாக்குவாதம் எல்லாம் இருந்திருக்கும். அமைதியான அறை ஒன்று கிடைத்த பிறகுதான் எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. ஆனால் அவர் எழுதுகிறவர் என்பதை அங்கே யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கும் அறையைவிட அதுதான் முதலில் தேவை.

எப்படிச் சொல்வது? நீட்டி விளக்க வேண்டாம். “இஞ்சாருங்கோ, நான் கதை எழுதுறனான். சனிக்கிழமை காலமை ரெண்டு மணித்தியாலம் எனக்கு வேணும். பிள்ளையை ரியூசனுக்கு நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ.” இவ்வளவு போதும். “எங்க, காட்டு பாப்பம்” என்பார். காட்டாதீர்கள். பாதிக் கதையை வீட்டு ஆட்கள் வாசித்தால் பாராட்டினாலும் கெடுதல், பேசாமல் இருந்தாலும் கெடுதல். முடிந்த பிறகு காட்டுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் கேட்டது நேரம்தான், கருத்து இல்லை. மாமியிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர் இளவயதில் விருப்பமாகச் செய்து, கலியாணத்துக்குப் பிறகு விட்டது ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். அந்தக் கதை தொடங்கினால், சனிக்கிழமை காலையில் உங்களுக்காகப் பேச வீட்டில் ஒரு ஆள் கிடைத்தாலும் கிடைக்கும்.

சனிக்கிழமை வீட்டில் இருக்க வேண்டாம். இரண்டு அறை வீட்டில் கதவு சாத்துவது எல்லாருக்கும் கஷ்டம். 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. 1942இல் தொடங்கிய சங்கம்; சுற்றிவரத் தமிழ்ப் புத்தகங்கள். திறக்கிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். அங்கே வசதிப்படாவிட்டால் விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் பொது நூலகம். கணவரின் எண் மட்டும் அடிக்கும்படி போனில் மாற்றிவிட்டுப் பைக்குள் ஆழமாக வையுங்கள். கொப்பியும் பேனையும் போதும். கணவருக்கு வேறு வேலை வந்து நீங்களே ரியூசனுக்குக் கூட்டிப்போகிற கிழமைகளும் வரும். அன்றைக்கு மற்ற அம்மாமாரோடு வாசலில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி ஒரு கதிரை பிடித்து, அந்த ஒரு மணித்தியாலத்தில் எழுதுங்கள். சனிக்கிழமை தவறிப்போக மட்டும் விடாதீர்கள்.

‘காலமை நாலு மணிக்கு எழும்பி எழுது’ என்று யாராவது சொல்வார்கள். அந்தோனி ட்ரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியரை உதாரணம் காட்டுவார்கள். அவர் தபால் துறையில் அதிகாரி. காலை ஐந்தரைக்கு மேசையில் இருந்து, கைக்கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணித்தியாலத்துக்கு 250 சொல் எழுதினார். உண்மைதான். ஆனால் அவரை எழுப்புவதற்கென்றே ஒரு வேலைக்காரர் இருந்தார்; அதற்காக வருசத்துக்கு 5 பவுண் கூடுதலாகக் கொடுத்தார், கோப்பியும் அவர் கையால்தான் வந்தது. உங்கள் வீட்டில் எல்லாரையும் எழுப்பித் தேத்தண்ணி கொடுப்பது நீங்கள். உங்கள் நித்திரையில் இன்னும் ஒரு மணித்தியாலத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடமிருந்து வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அரை மணித்தியாலம் முந்தின நாள் எழுதியதை அவர் வாசித்துப் பார்ப்பார். கிழமைக்கு ஒரு தடவை எழுதுகிறவருக்கு இது இன்னும் முக்கியம். கடைசிப் பந்தியைக் கையால் மறுபடி எழுதுங்கள், அடுத்த வரி பெரும்பாலும் தானாக வரும். எழும்பும்போது அடுத்து வரவேண்டிய வசனத்தைக் கொப்பியின் மேல்பக்கத்தில் குறித்து வையுங்கள். கிழமை நாட்களில் கோட்டைக்குப் போகிற நெரிசலில் எழுத முடியாது. அந்த ஒரு வசனத்தைச் சுமந்துகொண்டு போகலாம்.

ஏழு கதையில் எது? காஸ் வரிசைக் கதை. மற்ற ஆறையும் ஒரு உறைக்குள் போட்டு ஒட்டிவிடுங்கள். 2022ஐப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்களே என்று நினைப்பீர்கள். வரிசையைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், 13 மணித்தியாலம் வரைக்கும் போன மின்வெட்டைப் பற்றியும் தெரியும். அந்த இரவில் உங்களுக்கு முன்னால் நின்றவர் யார், பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள், விடிந்தபோது யாருக்குக் கிடைத்தது, யார் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. நாலைந்து பக்கத்துக்குள் முடியக்கூடிய கதை. அந்த நெருக்கடி முழுவதையும் அதற்குள் அடக்கப் பார்க்காதீர்கள், ஒரு இரவு போதும்.

திருத்துகிற வேலைக்குப் பௌர்ணமி விடுமுறையான போயா நாள். வங்கி பூட்டு, வருசத்துக்கு 12 வரும், சில வருசம் 13. சனிக்கிழமை எழுதியதை அன்றே திருத்தத் தொடங்கினால் முதல் பந்தியை விட்டு வெளியே வரமாட்டீர்கள். உங்களுடைய ஏழு தொடக்கங்களும் அப்படித்தான் நின்றுபோயிருக்கும் என்று நினைக்கிறேன்.

முடிந்ததும் வீரகேசரி, தினக்குரல் ஞாயிறு பதிப்புகளுக்கோ ஜீவநதி போன்ற ஒரு சஞ்சிகைக்கோ அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு வேண்டாம். பதில் வர நாள் எடுக்கும், சில நேரம் வராமலே போகும். அந்த நாட்களில் போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்லும். அதனால் அனுப்பிய கையோடு, வருகிற சனிக்கிழமையே உறையைப் பிரித்து அடுத்த கதையை எடுத்துவிடுங்கள்.