டேமில் பச்சை மறைந்துவிட்டது, மாட்டை இறக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டோங்காட் பக்கம் கரும்புக் காட்டை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கீரை, கொத்தமல்லி, மடும்பி என்ற சேப்பங்கிழங்கு போடுகிறோம். மாடும் வைத்திருக்கிறோம். ஓடையை மறித்துக் கட்டிய எங்கள் டேம் இந்தக் கோடையில் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. போன வாரம் சில நாளிலேயே அந்தப் பச்சை போய்விட்டது. யுனிவர்சிட்டியில் படிக்கும் என் அண்ணன் மகன், "வைரஸ் வந்து பாசியைக் கொன்றிருக்கும், இனி பயமில்லை" என்கிறான். மாட்டை இறக்கலாமா? அந்த வைரஸை வாங்கி விட்டால் அடுத்த வருஷம் பச்சையே வராதா?

பதில்: மாட்டை இறக்காதீர்கள். டேமைச் சுற்றி வேலி போட்டு, இரண்டு மூன்று வாரமாவது தொட்டியில் குழாய்த் தண்ணீர் காட்டுங்கள். பச்சையாக இருந்த நாட்களைவிட, பச்சை போன இந்த நாட்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

உங்கள் அண்ணன் மகன் சொன்ன முதல் பாதி சரியாகவே இருக்கலாம். பெயின்ட் மாதிரி மிதந்தது அநேகமாக மைக்ரோசிஸ்டிஸ். பார்க்கப் பாசிதான், ஆனால் அது சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியா வகை. அதன் பல ரகங்கள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைத் தாக்கும். செல் உயிரோடு இருக்கும்வரை நஞ்சில் பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். செல் உடைந்தால் அவ்வளவும் தண்ணீரில் கலந்துவிடும். அப்போது தண்ணீர் தெளிந்தும் தெரியும், நஞ்சும் இருக்கும்.

வைரஸ் செய்வது இந்த உடைக்கும் வேலையைத்தான். சயனோபாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களுக்கு சயனோபேஜ் என்று பெயர். முதல் சயனோபேஜை 1963இல் சாஃபர்மேன், மோரிஸ் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு கழிவுநீர்க் குட்டையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மைக்ரோசிஸ்டிஸைத் தாக்கும் ஒரு பேஜ் ஜப்பானின் மிகாட்டா ஏரியில் கிடைத்தது. அது செல்லுக்குள் புகுந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் செல் வெடித்து, ஐம்பதிலிருந்து நூற்றிருபது புது வைரஸ்கள் வெளியே வரும். ஒவ்வொன்றும் அடுத்த செல்லைத் தேடும். நெருக்கமாக மிதக்கும் படலத்தில் இது எவ்வளவு சீக்கிரம் பரவும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடலில் நடப்பது இன்னும் வியப்பானது. அங்கே பல சயனோபேஜ்கள் ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய ஒரு மரபணுவையும் கூடவே கொண்டுவருகின்றன. வெயிலில் சீக்கிரம் பழுதாகும் ஒரு புரதத்தை அந்த மரபணுவை வைத்துப் புதிதாகச் செய்து, தன் குட்டிகள் தயாராகும்வரை செல்லின் ஒளிச்சேர்க்கையை ஓடவைக்கும். கடலிலுள்ள நுண்ணுயிர்களின் மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை வைரஸ்கள் தினமும் கொல்கின்றன என்பது கணக்கு. உடைந்த செல்லின் கார்பனும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மீனுக்குப் போகாமல் தண்ணீரிலேயே கரைந்து மற்ற நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. சத்துக் குறைந்த நடுக்கடலில் உயிர்கள் பிழைப்பதற்கு இந்தச் சுழற்சியும் ஒரு காரணம். இந்த வைரஸ்கள் மனிதரையோ மாட்டையோ தொற்றாது. அவற்றை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

உங்கள் டேமில் நிலைமை வேறு. அங்கே சத்து ஏற்கெனவே மிதமிஞ்சிக் கிடக்கிறது. உடைந்த செல்லிலிருந்து வரும் பாஸ்பரஸ் அடுத்த பச்சைக்குத்தான் தீனி. நஞ்சும் கரைந்து நிற்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஈரி ஏரித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சுமார் ஐந்து லட்சம் பேருக்கு அறிவித்தார்கள். வைரஸ் தாக்கிச் செல்கள் உடைந்து நஞ்சு கரைந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. உடையாத செல்லை வடிகட்டிவிடலாம். கரைந்த நஞ்சு வடிகட்டியில் நிற்காது, கொதிக்கவைத்தாலும் போகாது.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 1940களின் தொடக்கத்தில் வால் ஆற்று அணைத் தண்ணீரைக் குடித்து ஆயிரக்கணக்கான ஆடுமாடுகள் செத்தன. மைக்ரோசிஸ்டினின் கட்டமைப்பை 1980களில் கண்டுபிடித்தவர்களும் பிரிட்டோரியா விஞ்ஞானிகள்தான்.

சரி, கரைக்குப் போய்ப் பாருங்கள். கல்லிலும் காய்ந்த சேற்றிலும் வெளிர்நீலக் கறை படிந்திருக்கிறதா? செல்லுக்குள் இருந்த நீலநிறமி வெளியே வந்து காய்ந்தால்தான் அப்படிப் படியும். அது இருந்தால் செல்கள் அங்கேயே உடைந்திருக்கின்றன. வைரஸால் உடைந்ததா, வயதாகி உடைந்ததா என்பதைக் கறையை வைத்துச் சொல்ல முடியாது, அது உங்களுக்குத் தேவையும் இல்லை. கறை இல்லையென்றால் மழைவெள்ளம் அடித்துப் போயிருக்கலாம், காற்று மறுகரைக்கு ஒதுக்கியிருக்கலாம். அப்போதும் மாட்டை இறக்க வேண்டாம். கையுறை போட்டு ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் எடுத்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே பச்சை வளையம் கட்டியிருந்தால் அநேகமாக மைக்ரோசிஸ்டிஸ் இன்னும் இருக்கிறது. நஞ்சின் அளவை ஆய்வகம்தான் சொல்லும். மைக்ரோசிஸ்டின் சோதனை என்று கேட்டுக் கொடுங்கள். மனிதர் குடிக்கும் தண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்.

அதுவரை கீரைக்கும் கொத்தமல்லிக்கும் அந்தத் தண்ணீரை மேலிருந்து தெளிக்காதீர்கள். இலையில் தங்கிய நஞ்சு கழுவினாலும் முழுசாகப் போகாது. மாடு தீனி எடுக்காமல் சோர்ந்தாலோ, தோலின் வெள்ளைப் பகுதி வெயிலில் வெந்து உரிந்தாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாயையும் கரைக்கு விடாதீர்கள்.

வைரஸ் வாங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். கடையில் வாங்கி டேமில் ஊற்றுகிற மாதிரி நம்பகமான சரக்கு எதுவும் கிடையாது. ஒரு பேஜ் குறிப்பிட்ட சில ரகங்களை மட்டுமே தாக்கும். தப்பித்த ரகம் காலியான இடத்தில் பெருகும். மைக்ரோசிஸ்டிஸுக்கு வைரஸை எதிர்க்கும் ஏற்பாடுகளும் ஏராளம். சிலர் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்வார்கள். அதுவும் செல்லை உடைக்கும் வேலைதான், போட்டால் நஞ்சு தண்ணீரில் கரைந்துவிடும்.

பச்சை திரும்ப வராமல் இருக்க வேண்டுமானால் டேமுக்குள் சத்து இறங்கும் வழியைப் பாருங்கள். கோழி எருவை மேட்டில் குவித்து வைத்திருந்தால் கோடை மழைக்கு முன் டேமின் வாட்டத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள். மாடு உள்ளே இறங்கிச் சாணி போடாமல் வேலியை நிரந்தரமாக்குங்கள். தோட்டத்துக்கும் கரைக்கும் நடுவே உழாமல் அகலமாகப் புல் விடுங்கள். அடிச்சேற்றில் பழைய பாஸ்பரஸ் இருக்கும், அதனால் முதல் வருஷமே பெரிய மாற்றம் தெரியாது. அதற்காக வேலியைப் பிரித்துவிடாதீர்கள்.