கேம் விழாவுக்குப் போகலாம், அந்தப் பையை மட்டும் வாங்காதீர்கள்

கேள்வி: ஐந்து வருடம் ஓர் ஆன்லைன் கேமிலேயே கிடந்தேன். படிப்பு நின்றது, வேலையும் போனது. விட்டு இரண்டரை வருடம் ஆகிறது. பழைய கில்டு (கேமில் ஒன்றாக ஆடும் குழு) நண்பர்கள் இப்போது ஒரு பெரிய கேம் ரசிகர் விழாவில் கூடுகிறார்கள். குரலை மட்டும் கேட்டுப் பழகியவர்கள், ஒருமுறை நேரில் பார்க்க ஆசை. தம்பியோ, "குடியை விட்டவன் சாராயக் கடையில் கல்யாணம் என்றால் போவானா?" என்கிறான். போகலாமா, கூடாதா?

பதில்: போகலாம். ஒரே ஒரு நாள், தம்பியையும் கூட்டிக்கொண்டு. அதற்கு முன் உங்கள் பழைய அக்கவுண்டுக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும். அதற்கு வருகிறேன்.

தம்பி சொல்வது பாதி சரி. ஆனால் நீங்கள் விழுந்து கிடந்த இடம் அந்த அரங்கம் இல்லையே. கதவைச் சாத்திக்கொண்டு, விடியற்காலை மூன்று மணிக்கு, "நீ வராமல் ரெய்டு ஆரம்பிக்க முடியாது" என்று நாலு பேர் காத்திருக்க ஆடிய ஆட்டம் அது (ரெய்டு என்றால் குழுவாகச் சேர்ந்து போகும் சண்டை). விழா அரங்கில் கேமை ஆடிப் பார்க்கும் டெமோவுக்கு வரிசை நிற்கும், கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து தோளைத் தட்டி எழுப்பிவிடுவார். அங்கேயே உட்கார்ந்து மறுபடி மூழ்கிப்போனவர்களை நான் பார்த்ததில்லை.

ஆனால் கை துறுதுறுக்கும். லாகின் செய்யும்போது வரும் அந்த இசை, லெவல் ஏறும் சத்தம், உங்கள் கேரக்டரைப் போலவே வேஷம் கட்டிக்கொண்டு ஒருவர் எதிரே வருவது, எல்லாவற்றையும் மூளை பழைய சந்தோஷத்தோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. மன உறுதி குறைந்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள். போதைப் பழக்கங்களை ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட், இந்த ஏக்கத்தை அலைக்கு ஒப்பிட்டார். எழும்பும், உச்சிக்குப் போகும், நாம் தீனி போடாவிட்டால் தானே இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அதோடு மல்லுக்கட்டாமல் அரங்கத்தை விட்டு வெளியே வந்து நில்லுங்கள். தண்ணீர் குடியுங்கள், தம்பியிடம் வேறு ஏதாவது பேசுங்கள். சில விழாக்களில் அமைதி அறை உண்டு. பாக்ஸ் (PAX) என்ற கேம் விழாக்களில் 'ஏ.எஃப்.கே. அறை' (கீபோர்டை விட்டுத் தள்ளியிருக்கும் அறை) என்றே ஒன்று நடத்தினார்கள். டிக்கெட் வாங்கும்போதே விசாரித்து வையுங்கள்.

சரி, எனக்கு உண்மையில் பயம் விழாவில் கையில் கொடுக்கும் அந்தப் பரிசுப் பைதான்.

2005இல் நடந்த முதல் பிளிஸ்கான் கேம் விழாவில், வந்தவர்களுக்கு வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமுக்குள் மட்டும் கிடைக்கும் ஒரு மர்லாக் (மீன் போன்ற கற்பனைப் பிராணி) குட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். இப்படி 'விழாவுக்கு வந்தவருக்கு மட்டும்' என்று கோடு (code, கேமுக்குள் போட்டால் பரிசு தரும் எண்) அச்சடித்த அட்டையைப் பரிசுப் பையில் போட்டுத் தருவது இன்று சாதாரணம். அட்டை இலவசம்தான். ஆனால் அதைப் பயன்படுத்த லாகின் செய்தாக வேண்டும். பலவற்றில் காலாவதித் தேதியும் இருக்கும். யோசித்துப் பாருங்கள், விட்டவனைத் திரும்ப உள்ளே இழுக்க இதைவிட நல்ல தூண்டில் உண்டா? என்னிடம் வந்த ஒருவர் விழாவில் ஒரு கேமைக்கூடத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து அட்டையை மேஜை இழுப்பறையில் போட்டார். மூன்று வாரம் கழித்து, காலாவதிக்கு முந்தின இரவு, "வீணாகப் போகிறதே, அந்தக் கோடு எண்ணை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடலாம்" என்று உட்கார்ந்தவர் மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

ஆகவே அக்கவுண்ட். கம்ப்யூட்டரிலிருந்து கேமை நீக்குவது ஒரு வேலையே இல்லை. கேரக்டரை அழித்தாலும் போதாது, அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் வசதியைப் பல கேம்களில் நிறுவனமே தருகிறது. அக்கவுண்டையே நிரந்தரமாக நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். இந்த வாரமே செய்யுங்கள். மனசு வரவில்லை என்றால் இந்த வருடம் விழா வேண்டாம், நண்பர்களை வீடியோ அழைப்பில் பாருங்கள்.

"அழிப்பானேன், விற்றால் காசாயிற்றே" என்று ஒரு தரகர் கட்டாயம் வருவார். வேண்டவே வேண்டாம். அநேகமாக எந்த நிறுவனத்தின் விதியும் இதை அனுமதிப்பதில்லை. அதைவிட முக்கியம், விற்ற அக்கவுண்ட் எங்கோ உயிரோடு இருக்கும், திருப்பி வாங்கலாமா என்று மனசு அரிக்கும். இன்னொரு ரகம் 'டீடாக்ஸ் கோச்'. இருபத்தோரு நாளில் உத்தரவாதமாகக் குணம் என்று பேக்கேஜ் விற்பார், கூடவே உங்கள் படத்தைப் போட்டு 'வெற்றிக் கதை' எழுதுவார். உத்தரவாதம் என்று யார் சொன்னாலும் நடையைக் கட்டுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. லூட் பாக்ஸில் (கேமுக்குள் காசு கட்டித் திறக்கும் மர்மப் பெட்டி) பணத்தை விட்டவர்களுக்கு என் பதில் 'போகக் கூடாது'. அரை நாள்கூட வேண்டாம். பர்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன் என்பார்கள், போன்தான் இப்போது பர்ஸ். துணையோடு போகிறேன் என்பார்கள், துணை கழிப்பறைக்குப் போய்வரும் நேரம் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கட்டித் திறப்பதும் சூதாட்ட மெஷினின் கைப்பிடியை இழுப்பதும் ஒரே வேலை. எப்போதாவது ஒருமுறை விழும் பரிசு, எப்போது விழும் என்று தெரியாததாலேயே ஆளைக் கட்டிப்போடும். பெல்ஜியம் 2018இலேயே காசு கட்டித் திறக்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. நீங்கள் மாதச் சந்தாவைத் தவிர செலவு செய்யவில்லை என்றால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை. செய்திருந்து, கேள்வியில் எழுதாமல் விட்டிருந்தால், மேலே 'போகலாம்' என்று சொன்னதை அடித்துவிடுங்கள்.

இதையெல்லாம் ஒரு டாக்டரிடம் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு கேம் அடிமைத்தனத்தை 'மேலும் ஆராய வேண்டியது' என்று பின்பக்கத்தில் வைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய்ப் பட்டியலில் ஏற்றி, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதைவிட, நிறுத்த முடிந்ததா, மற்ற எல்லாம் பின்னுக்குப் போனதா, கெடுதல் தெரிந்தும் தொடர்ந்தாரா என்றுதான் அதில் பார்க்கிறார்கள். இவ்வளவு ஆன பிறகும், "போனைப் பிடுங்கி வையுங்கள்" என்று சொல்லி அனுப்பும் டாக்டர்களை எனக்குத் தெரியும். விழாக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஜெர்மனியின் கேம்ஸ்காம் விழாவில் வயது பார்த்துக் கையில் நிறப் பட்டை கட்டுகிறார்கள், நல்லதுதான். 'எனக்குக் கோடு வேண்டாம்' என்பவருக்கு ஒரு பட்டை கட்ட எவ்வளவு செலவாகிவிடும்?

அப்புறம் நண்பர்கள். அரங்கத்துக்குள் சந்திப்பதைவிட, வெளியே உட்கார்ந்து பேச ஓர் இடம் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவரிடமாவது உண்மையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "ஒரே ஒரு ரெய்டு" என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்ற அவர் இருப்பார்.

கிளம்பும்போது உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று தம்பி பார்க்கட்டும். டீ-ஷர்ட் என்றால் பரவாயில்லை. மடிப்புக்குள் அட்டை செருகியிருப்பார்கள், ஒரு தடவை உதறிவிடுங்கள்.