தட்டச்சு செய்யும்போது கர்சர் தாவுவது ஏன்?

கேள்வி: மடிக்கணினியில் நீளமாக ஏதாவது தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது, கர்சர் திடீரென்று வேறொரு வரிக்குத் தாவிவிடுகிறது, அடிக்கும் எழுத்துகள் அங்கே போய் விழுகின்றன. ஒருமுறை ஒரு பத்தியே காணாமல் போயிற்று. வைரஸாக இருக்கும், விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டும் என்கிறார்கள். அது தேவைதானா?

பதில்: அவசரப்பட்டு விண்டோஸில் கை வைக்காதீர்கள். இந்தத் தொல்லைக்கு வைரஸ் காரணமாக இருப்பது மிக அரிது. பெரும்பாலும் உங்கள் கட்டைவிரலின் அடிப்பகுதி டச்பேடில் உரசுவதுதான் காரணம். டச்பேட், விரல் நெருங்கும்போது ஏற்படும் மின்னூட்ட மாற்றத்தைக் கொண்டு தொடுகையை உணர்வதால், அதை அழுத்த வேண்டும் என்பதில்லை. தோல் லேசாகப் பட்டு விலகினாலே அதை ஒரு கிளிக் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் மவுஸின் அம்புக்குறி எங்கே நிற்கிறதோ, அங்கே கர்சர் போய்விடும். கை பட்டது மட்டுமல்லாமல் சற்று நகரவும் செய்தால், வரிகள் தேர்வாகி, அடுத்து அடிக்கும் ஒரே எழுத்து அவை அனைத்தையும் அழித்துவிடும். உங்கள் பத்தி மறைந்தது அநேகமாக இப்படித்தான். உடனே கன்ட்ரோல் விசையுடன் இசட் விசையை அழுத்தினால் அது திரும்பக் கிடைக்கும். தமிழில் அடிப்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: பாதிச் சொல்லில் கர்சர் தாவினால், மெய்யெழுத்து ஓரிடத்திலும் அதற்குரிய உயிர் வேறிடத்திலும் விழுந்து, பிழை கண்ணில் படாமலே போய்விடும்.

இதை உறுதி செய்துகொள்வது எளிது. அம்புக்குறியை நீங்கள் முன்பே எழுதிய ஒரு வரியின் மேல் நிறுத்திவிட்டு, வழக்கம்போல் கீழே அடித்துக்கொண்டே போங்கள். கர்சர் ஒவ்வொரு முறையும் அந்த வரிக்கே தாவினால், குற்றவாளி டச்பேட்தான் என்பதில் ஐயமில்லை.

விண்டோஸ் 11 என்றால், செட்டிங்ஸில் ‘ப்ளூடூத் அண்ட் டிவைசஸ்’ என்பதற்குள் ‘டச்பேட்’ பகுதியைத் திறந்து, ‘டேப்ஸ்’ என்பதன் கீழுள்ள சென்சிட்டிவிட்டியை ‘லோ’ என்று மாற்றுங்கள். விண்டோஸ் 10இல் இதே பகுதி ‘டிவைசஸ்’ என்பதற்குள் இருக்கும். அதற்கும் அடங்காவிட்டால், ஒரு விரலால் தட்டி கிளிக் செய்யும் வசதியையே நிறுத்திவிடலாம். என் பரிந்துரை இதுதான். டச்பேடின் கீழ்ப்பகுதியை அழுத்தினால் கிளிக் ஆகும் என்பதால் பெரிய இழப்பு எதுவுமில்லை. தனி மவுஸ் வைத்திருப்பவர்கள், மவுஸ் இணைந்திருக்கும்போது டச்பேட் இயங்க வேண்டும் என்ற குறியை எடுத்துவிட்டால் போதும்.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் கர்சர் தாவினால், கையைக் குறை சொல்வதற்கில்லை. சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் டச்பேடைக் குழப்பியிருக்கலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு அடித்துப் பாருங்கள். தாவல் நின்றால், நில இணைப்புள்ள மூன்று முனை பிளக்கையும் உங்கள் மாடலுக்கு உரிய சார்ஜரையும் பயன்படுத்துங்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. டச்பேட் ஒரு பக்கம் மேலே எழும்பியிருந்தாலோ, அழுத்த முடியாமல் இறுகியிருந்தாலோ, மேசையில் வைத்தால் கணினி தட்டையாக உட்காராமல் ஆடினாலோ, உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். பல மாடல்களில் பேட்டரி டச்பேடுக்கு அருகிலேயே இருப்பதால், அது உப்பும்போது முதலில் இந்தக் கோளாறாகவே வெளிப்படலாம். தீப்பற்றும் அபாயம் உள்ளதால், கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து பேட்டரியை மாற்றுங்கள். அதை நீங்களே நெம்பி எடுக்கவோ குத்திப் பார்க்கவோ முயல வேண்டாம்.

கேள்வி: டச்பேடை முழுவதும் நிறுத்திய பிறகும் அம்புக்குறி தானாக நகர்கிறதே?

பதில்: சில மடிக்கணினிகளில் ஜி, ஹெச், பி விசைகளுக்கு நடுவே, அம்புக்குறியை நகர்த்துவதற்கான சிறிய குமிழ் ஒன்று இருக்கும். சில நேரங்களில் அதன் நடுநிலை பிசகி, அம்புக்குறி மெல்ல ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். சில விநாடிகள் கையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதுவே சரிசெய்துகொள்ளும். அப்படிக் குமிழ் இல்லாமல், உங்களுடையது தொடுதிரைக் கணினியாக இருந்தால், திரையை நன்றாகத் துடைத்துவிட்டு, கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ‘ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்’ என்பதன் கீழுள்ள டச் ஸ்கிரீனைத் தற்காலிகமாக முடக்கிப் பாருங்கள். நகர்வு நின்றுவிட்டால், கோளாறு திரையில் என்று சொல்லியே பழுதுபார்க்கக் கொடுக்கலாம்.