பெரிய கை வாங்கிய சிறிய பங்கு

கேள்வி: நான் தபால் துறையில் ஓய்வு பெற்றவன். கோத்தகிரி அருகே ஓர் ஏக்கர் தேயிலையும் உண்டு. கையில் இருக்கும் 4 லட்சத்தைப் பங்குகளில் போட எண்ணுகிறேன். சிறிய நிறுவனங்களில் பெரும் பங்கு வாங்கி நிர்வாகத்தை நெருக்கும் ஆக்டிவிஸ்ட் முதலீட்டாளர்களைப் பின்தொடர்ந்தால் மலிவான பங்குகள் சிக்கும் என்று சொல்லி, ஒரு தேயிலைத் தோட்ட நிறுவனத்தையும் காட்டுகிறார் என் மருமகன். வாங்கலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: அன்புள்ள ஐயா,

மருமகன் சொல்வதில் பாதி சரி. 1926இல் அமெரிக்காவின் நார்தர்ன் பைப்லைன் என்ற எண்ணெய்க் குழாய் நிறுவனத்தின் பங்கு சுமார் 65 டாலருக்கு விற்றபோது, பங்கு ஒன்றுக்குச் சுமார் 95 டாலர் பெறுமான கடன் பத்திரங்களை அந்நிறுவனம் சும்மா வைத்திருப்பதை, அரசு ஆணையத்திடம் அது தாக்கல் செய்த அறிக்கைகளிலிருந்து பெஞ்சமின் கிரகாம் என்ற முதலீட்டாளர் கண்டுபிடித்தார். நிர்வாகம் மறுத்தும் அவர் விடவில்லை. மற்றப் பங்குதாரர்களின் வாக்குகளைத் திரட்டி, 1928இல் இயக்குநர் குழுவில் இடம்பிடித்து, பங்குக்கு 70 டாலரைப் பிரித்துக் கொடுக்க வைத்தார். இங்கே கவனிக்க வேண்டியது, முடங்கிக் கிடந்தது கடன் பத்திரம் என்பதும், அதை விற்றுக் காசாக்குவதால் குழாய்த் தொழிலுக்கு எந்தக் குறையும் வராது என்பதுமே.

தோட்ட நிறுவனத்தின் கதை வேறு. நிலம் என்றோ வாங்கிய விலையில் கணக்கில் நிற்பதால், இன்றைய சந்தை விலையைப் போட்டுப் பார்ப்பவருக்குப் பங்கு கொள்ளை மலிவாகத் தெரியும். ஆனால் தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தில் அந்நிலத்துக்கு விலக்குக் கிடைத்ததே அது தோட்டமாக இருப்பதால்தான். அரசின் அனுமதி இல்லாமல் அதை மனையாக்க முடியாது. நீலகிரியின் கட்டட விதிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை நாளில் உங்கள் பச்சைத் தேயிலையை நிறுக்கும்போது ஈரத்துக்கென்று எடையைக் கழிக்கிறார்கள் அல்லவா, அதைப் போல இந்த நில மதிப்பிலும் தாராளமாகக் கழித்துவிட்டே கணக்குப் பார்க்க வேண்டும். எவ்வளவு பெரிய முதலீட்டாளர் உள்ளே வந்தாலும் சட்டத்தை நெருக்கிவிட முடியாது.

அடுத்து, நிறுவனர் குடும்பத்தின் கையில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்று பாருங்கள். 10 சதவீதம் வைத்திருப்பவர் நம் கம்பெனிச் சட்டப்படி பொதுக்கூட்டத்தைக் கூட்டக் கோரலாம் என்பது உண்மையே. ஆனால் குடும்பத்திடம் 60 சதவீதம் இருந்தால் அந்தக் கூட்டத்தில் காபியும் பிஸ்கட்டும்தான் மிஞ்சும். குடும்பத்தின் பங்கு குறைவாக இருந்தாலும் வழி சுலபமில்லை. ஜீ தொலைக்காட்சி நிறுவனத்தில் நிறுவனர் தரப்பிடம் சுமார் 4 சதவீதமே இருந்தது. 18 சதவீதம் போல வைத்திருந்த இன்வெஸ்கோ என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம், தலைமை நிர்வாகியை நீக்க 2021இல் கூட்டம் கோரியது. நீதிமன்றத்தில் மாதக்கணக்கில் போராடி, 2022 மார்ச்சில் தீர்ப்புச் சாதகமாக வந்த பிறகு, அந்தக் கோரிக்கையையே அது கைவிட்டது.

காலத்தாமதமும் உண்டு. ஒருவரின் பங்கு 5 சதவீதத்தை எட்டினால் இரண்டு வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அந்தச் செய்தி நம் கைக்கு வருவதற்குள் சிறிய பங்குகள் அப்பர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச விலையில், போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கே இது நடந்தது. பிரபலமான ஒருவரின் பெயரைப் பங்குதாரர் பட்டியலில் பார்த்து, மூன்று நாள் காத்திருந்து உச்ச விலைக்கு ஒரு பங்கை வாங்கினேன். இரண்டு காலாண்டு கழித்துப் பட்டியலில் அவர் பெயரைக் காணவில்லை. ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்கியவரின் பெயர் அதில் வராது என்பதால், அவர் முழுவதும் விற்றுவிட்டாரா, கொஞ்சம் வைத்திருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. விற்கப் போனால் வாங்க ஆளில்லை.

ஆகவே, பெரிய முதலீட்டாளரின் பெயரை நிறுவனத்தைத் தேடிப் பிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள். வாங்குவதற்கு அதையே காரணமாக்க வேண்டாம். நிறுவனத்திடம் கடன் போக மிஞ்சும் ரொக்கமும் எளிதில் விற்கக்கூடிய முதலீடுகளும் பங்கு ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்த்து, பங்கு விலை அதற்கும் கீழே இருந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். அப்போதும் 4 லட்சத்தில் 40 ஆயிரத்துக்கு மேல் இதில் போடாதீர்கள்; மீதி அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருக்கட்டும், அதைப் பற்றி என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். மருமகன் காட்டிய தோட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்கி, நிலத்தின் மீது நிலுவையில் உள்ள வழக்குகள் பற்றிய குறிப்பை அவரையே உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.