சிடி ஸ்கேன் நார்மல் என்றால் பக்கவாதம் இல்லை என்று அர்த்தமா?

அப்பாவுக்கு 70 வயது, இன்று காலை திடீரென்று இடது கையும் காலும் மரத்துப் பலமில்லாமல் போயின, சிடி நார்மல், சத்துக்குறைவு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி அர்த்தமே இல்லை. மீதியை அப்புறம் படியுங்கள். எம்ஆர்ஐயும் நரம்பியல் மருத்துவரும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இப்போதே கிளம்புங்கள். இடையில் கை கால் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். அது பெரிய அடைப்புக்கு முன்னோட்டமாக இருக்கலாம்.

நான் டாக்டர் இல்லை. "கூகுள் படிச்சிட்டு வந்துட்டாங்க" என்று கமெண்டில் ஆரம்பிக்கிறவர்களுக்கு: என் மாமியாருக்கும் இதே வசனம்தான் சொன்னார்கள்.

காபி டம்ளரை வாங்கியவர் கையிலிருந்து அது நழுவியது. "என் கை மாதிரியே இல்லம்மா" என்றார். சிரிக்கச் சொன்னேன், வாய் ஒரு பக்கம் இழுத்தது. சர்க்கரை இறங்கினாலும் இப்படி ஆகும் என்பதால் விரலில் குத்திப் பார்த்தேன், 142. சர்க்கரை இறங்கியதால் இல்லை என்று தெரிந்துவிட்டது. பக்கத்து நர்சிங் ஹோமில் சிடி எடுத்துவிட்டு, "ஸ்கேன் கிளீன், வீக்னெஸ்தான், டிரிப்ஸ் போட்டால் சரியாகிவிடும்" என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். வாய் கோணியிருந்ததை அவர் பார்க்கவே இல்லை.

சிடி முதலில் எடுப்பது மூளையில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். ரத்தக்குழாய் அடைப்பு முதல் சில மணி நேரத்தில் அதில் பெரும்பாலும் தெரியாது. கசிவு இல்லையென்றால்தான் அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடவே முடியும். அதுவும் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு. தூங்கி எழும்போதே அப்படி இருந்தால், முந்தின இரவு நன்றாக இருந்து படுத்த நேரம்தான் கணக்கு. பெரிய ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே "எத்தனை மணி வரைக்கும் நல்லா இருந்தாங்க?" என்பதுதான். ஆறரை என்று தயங்காமல் சொன்னேன், ஊசி போட்டார்கள். அப்புறம் எடுத்த எம்ஆர்ஐயில் அடைப்பினால் வந்த பாதிப்பு பளிச்சென்று தெரிந்தது. இசிஜியில் இதயத் துடிப்பு ஒழுங்கில்லை, கட்டி அங்கிருந்து கிளம்பி வந்திருக்கிறது. உங்கள் அப்பாவுக்கும் இசிஜி, கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். விழுங்க முடிகிறதா என்று அங்கே பார்க்கும்வரை வாயில் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். புறா ரத்தம் தேய்க்கச் சொல்லும் சொந்தக்காரரின் போனை எடுக்காதீர்கள்.

நேரம் போனது எங்கே தெரியுமா? எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில். ஸ்ட்ரெச்சர் நுழையாது. மூன்றாம் மாடியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சேலையால் கட்டி, வாட்ச்மேனும் என் கணவரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மாதாமாதம் மெயின்டனன்ஸ் வாங்கி வாசலில் செயற்கை நீரூற்று வைக்கத் தெரிகிறது. லிஃப்டைப் பற்றிக் கேட்டால் அடுத்த ஜெனரல் பாடியில் பேசலாமாம். சொல்கிற செயலாளருக்கே 74 வயது, ஐந்தாம் மாடி.